போட்டோ மேடு வரை தார்ச்சாலை

காலை 5.50. துறையூர் வடக்கே இருக்கிறது. ஆனால் ஸ்ரீரங்கத்துக்காரன் துறையூர் பஸ்ஸில் உட்கார்ந்து போக ஆசைப்பட்டால் முதலில் தெற்கே போக வேண்டும். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினால்தான் சீட். திருவானைக்கோவிலிலோ நம்பர் ஒன் டோல்கேட்டிலோ நின்று கை காட்டினால் படிக்கட்டுதான் கிடைக்கும். அறுபத்து நாலு வயதில் அது வேண்டாத வேலை. ராஜகோபுரம் ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறி, பத்து ரூபாய் கொடுத்து, காவிரிப் பாலம் தாண்டி, போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போதே என் மனைவி கோமளா ஆரம்பித்துவிட்டாள். "ஆத்துல குழாய் ஒழுகறது, அதைப் பாக்க ஒரு மாசமா நேரமில்லை. மலையில இருக்கற மெஷினைப் பாக்க மட்டும் விடியறதுக்கு முன்னாடி எழுந்துக்க முடியறதோ? ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாச்சு, இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் விடலை!" நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் போயிருக்கும்.

ஏன் போகிறேன் என்று வாசகருக்காவது சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஏழைகளுக்குத் தையல் மெஷின், ஆடு, மாவு மில் என்று கொடுக்கிற அலுவலகம் என்றால் போதும். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். போன தீபாவளிக்கு முன்னால் திருச்சியில் மகளிர் குழுக்களின் விற்பனைச் சந்தை நடந்தது. அங்கே சாமை அரிசியும் தேனும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் வெள்ளையம்மா. நாற்பது வயது இருக்கும். சாமையைக் கையில் அள்ளி நான் உமி பார்த்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அய்யா கவர்மென்டுல இருந்தவங்களா? குத்தம் கண்டுபிடிக்கிற கையா இருக்கே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினோம்.

அவள் ஊர் பச்சைமலையில் ஒரு மூலை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. ஏழு பெண்கள் சேர்ந்த குழு. சாமையின் உமியை நீக்கும் மெஷின் ஒன்றும், அதற்கு ஒரு கட்டடமும் அரசு கொடுத்திருக்கிறது. இரண்டும் ஊரில் இல்லை. நாலு கிலோமீட்டர் கீழே, மலைப் பாதையின் ஒரு திருப்பத்தில் இருக்கின்றன. சாமை மூட்டையைத் தலையில் வைத்து நாலு கிலோமீட்டர் இறக்கி, மறுபடி ஏற்றுவதைவிட உரலில் போட்டு உலக்கையால் குத்துவதே மேல் என்று எல்லோரும் வீட்டிலேயே குத்துகிறார்கள். மெஷின் ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை ஊருக்கு ஏற்றித் தரச் சொல்லி மூன்று மனு கொடுத்தும் பதிலில்லை. நான் என் நம்பரைக் கொடுத்து, "எதுன்னாலும் கேளும்மா" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாளைக்கு முன் கேட்டாள். புதன்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம். பயன்படாத மெஷின்களைக் கீழே சமவெளியில் இருக்கிற குழுக்களுக்கு மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சாம். "போயிடுமாய்யா? என்ன பண்ணட்டும்?"

ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ஒரு கிராமத்தில் பூட்டிக் கிடந்த பன்னிரண்டு தையல் மெஷின்களை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிக் குறிப்பு எழுதியவனே நான்தான். ஆய்வுக்கு வருகிறவன் கண்ணில் பூட்டு படக்கூடாது. எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற பாடம் இது. "மூடிக் கிடந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க. அன்னிக்கு மெஷின் ஓடணும். ஏழு பேரும் சாமையோட போய் நில்லுங்க. ஓடறதைக் காட்டிட்டு, அப்புறம் ஊருக்கு ஏத்திக் கேளுங்க" என்றேன். "சரிங்கய்யா" என்றாள். அது நடக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை 6.40. சத்திரத்தில் துறையூர் வண்டி கிளம்பியது. டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், ஜன்னல் சீட். வந்த பாலத்திலேயே திரும்பப் போனோம். பக்கத்தில் புதுப் பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள், திறந்தார்கள், இப்போது புதுசு கட்டுகிறார்கள். நாங்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் இருப்போம், வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் அரிசி ஆலைகளின் உமி வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. ஒரு தெருவில் எத்தனை ஆலை! நெல்லுக்கு உமி நீக்க இங்கே இத்தனை மெஷின் இருக்க, சாமைக்கு ஒன்றே ஒன்றுக்கு ஏழு பெண்கள் மனு மேல் மனு கொடுக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது.

காலை 8.05. துறையூர். பஸ் நிலையத்துக்கு எதிரே நாலு இட்லி, ஒரு காபி, ஐம்பத்தைந்து ரூபாய். சாம்பாரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. எட்டரைக்கு மலை பஸ். சோபனபுரம் வரை சமவெளி. அங்கே செக்போஸ்டில் வண்டி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தது. தை மாதக் கடைசி. மலை பச்சையாகவும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் நடுவில் இருந்தது. பின்சீட்டில் ஒருவர் இரண்டு சிமென்ட் மூட்டைகளோடு ஏறியிருந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டதற்கு, "கக்கூஸ் கட்டறதுக்கு கவர்மென்ட் குடுத்ததுங்க, கவர்மென்ட் பஸ்ஸுல சும்மாதான் ஏத்தணும்" என்று வாதாடினார். கண்டக்டர் விடவில்லை. கடைசியில் ஒரு மூட்டைக்கு மட்டும் டிக்கெட் வாங்கினார்.

காலை 9.50. டாப் செங்காட்டுப்பட்டி. துறையூர் பஸ் அதற்கு மேல் போவதில்லை. இங்கிருந்து பதினொரு கிலோமீட்டருக்கு ஜீப் பேச வேண்டும். மாணிக்கம் என்கிற டிரைவர், முன்னே இரண்டு பல் இல்லாதவர், போய் வர எழுநூறு ரூபாய் கேட்டார். அறுநூறுக்கு வந்தார்.

"எங்க போகணுங்க? ஊருக்கா, போட்டோ மேட்டுக்கா?"

"போட்டோ மேடா? அது என்னங்க?"

"அதாங்க, கட்டடமெல்லாம் இருக்கிற எடம். அங்கதான் சிக்னல் எடுக்கும். ஊருக்குள்ள ஒரு புள்ளி கூட எடுக்காது. இப்பல்லாம் அஸ்திவாரம் போட்டா ஒரு போட்டோ, சுவர் எழும்பினா ஒரு போட்டோ, கூரை போட்டா ஒரு போட்டோ, எடுத்த எடத்துல இருந்தே ஆப்புல ஏத்தணுமாம். ஏத்தினாத்தான் காண்ட்ராக்டருக்குப் பில்லு. மொதல்ல தண்ணித் தொட்டி ஊருக்குள்ளதான் கட்ட வந்தாங்க. குழி கூட வெட்டினாங்க. போட்டோ ஏறல. மூணு நாள் போனத் தூக்கிக்கிட்டு மரத்து மேலல்லாம் ஏறிப் பாத்தாங்க. சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் இறங்கி வந்து, சிக்னல் எடுத்த எடத்துல கட்டிட்டுப் போயிட்டாங்க."

"தண்ணித் தொட்டியையா? ஊர்லேர்ந்து நாலு கிலோமீட்டர் தள்ளியா?"

"தொட்டிய மட்டும் கட்டலீங்களே" என்று சொல்லி மாணிக்கம் கியரை மாற்றினார். "அது நின்னுடுச்சா, அப்புறம் வந்தவங்கல்லாம் அதுக்குப் பக்கத்துலயே கட்டிக்கிட்டாங்க."

நான் நம்பவில்லை. டிரைவர்கள் கதை சொல்லுவார்கள். எங்கள் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு மூளையில்லாமலா போய்விட்டது என்று மனதுக்குள் என் ஆட்களுக்காகக் கோபப்பட்டேன்.

காலை 10.45. நம்பினேன். நல்ல தார்ச்சாலை ஒரு வளைவு திரும்பி, சட்டென்று முடிந்தது. அதற்கப்புறம் செம்மண் தடம். தார் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஊரே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. நீலப் பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி, அதில் குழாய் உண்டு, தண்ணீர் இல்லை. பயணியர் நிழற்குடை, பஸ் இல்லை. ஆண்கள் பெண்கள் என்று எழுதிப் பூட்டிய கழிப்பறை. சோலார் விளக்கு. 'மலைப்பொருள் சந்தைக் கூடம்' என்று ஒரு கொட்டகை. அதன் மேடையில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் திட்டத்தின் பெயர், மதிப்பீடு, தொடங்கிய நாள், முடிந்த நாள் எல்லாம் எழுதிய பலகை. பலகைகளில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. நான் இதுவரை பார்த்த எந்த ஊரிலும் எல்லாத் திட்டமும் இப்படி நூறு சதவீதம் முடிந்திருந்ததில்லை.

"அடப்பாவிகளா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. முப்பத்தொரு வருஷமாக நானும் 'பணி முடிவுற்றது' என்று எழுதியவன்தான். எத்தனை இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன்? என் மேசைக்கு வந்த போட்டோவில் கட்டடம் இருந்தால் சரி. அதைச் சுற்றி ஊர் இருக்கிறதா என்று கேட்டதே இல்லை.

கடைசிக் கட்டடத்திலிருந்து மெஷின் சத்தம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தது! என் பேச்சு பலித்த சந்தோஷத்தில் படியேறினேன். ஏழு பெண்களும் இருந்தார்கள். விடிந்ததும் கிளம்பி, ஆளுக்கு இருபது கிலோ சாமையைச் சும்மாடு வைத்துச் சுமந்து இறங்கியிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே வேலை செய்தாள். உமித் தூசியில் வெள்ளையம்மாவின் புருவமெல்லாம் நரைத்திருந்தது.

"வாங்கய்யா! சொன்னபடி செஞ்சுட்டோம் பாருங்க. முந்தாநாளே கரண்ட்டு ஆளைக் கூட்டியாந்து ஃபியூஸ் போட வெச்சேன். எலி கடிச்ச பெல்ட்டை மாத்தினோம். ஒரு கொறை சொல்ல முடியாது" என்றாள்.

"சபாஷ்!" என்றேன். வாசல்படி கூட்டியிருந்தது, கோலம் போட்டிருந்தது. போதாக்குறைக்கு, இருப்புப் பதிவேடு என்று ஒரு நோட்டை மேசை மேல் பிரித்து வைக்கச் சொன்னேன். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

காலை 11.30. அதிகாரியின் ஜீப் வந்தது. முப்பது வயதுகூட ஆகாத பெண். சுடிதார், முதுகுப்பை, தூசி படிந்த ஷூ. கூட ஒரு உதவியாளர், கையில் போன். இறங்கியவுடனேயே உதவியாளர் வாசலில் நின்று ஒரு படம், உள்ளே ஓடுகிற மெஷினோடு ஒரு படம், பெண்களை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார். "ஏறிடுச்சு மேடம்" என்றார். அந்த இடத்தில் சிக்னலுக்கு என்ன குறை?

அதிகாரி மட்டும் வாசலிலேயே நின்றார். முகத்தில் ஒரு மாதிரி குழப்பம்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுதுங்க மேடம்" என்று ஏழு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

"தினமும் ஓடுதா?"

வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஓடுதுங்க" என்றாள்.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க மூணு மனுவும் எங்கிட்ட இருக்கும்மா. ஊர்ல இருந்து நாலு கிலோமீட்டர், பயன்படல, ஊருக்கு மாத்திக் குடுங்கன்னு எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் நானே நேர்ல வந்தேன். பூட்டிக் கிடக்கும், 'இடம் பொருந்தவில்லை, ஊருக்குள் மாற்றலாம்'னு போட்டுட்டுப் போயிடலாம்னு. இந்தத் தடவைதான் ஆப்புல அப்படி ஒரு கட்டம் குடுத்திருக்காங்க. 'இயங்கவில்லை'ன்னு போட்டாத்தான் அந்தக் கட்டமே திறக்கும்." உதவியாளரிடம் கை நீட்டி போனை வாங்கிப் பார்த்தார். "இப்ப 'இயங்குகிறது'ன்னு போயிடுச்சு."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்து பிடித்திருந்த பெண்தான் போய் நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஓட்டச் சொல்லி யார் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

"இந்த அய்யாதாங்க" என்றாள் வெள்ளையம்மா. குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் யார் என்பதையும் எத்தனை வருஷ சர்வீஸ் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "திருத்திடலாமே? சின்ன விஷயம்" என்றேன்.

"நீங்க இருந்தப்ப பேனா சார். அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடலாம். இதுல அடிக்க முடியாது."

"அப்போ நான் எழுதித் தரேன். நான் சொல்லித்தான் இன்னிக்கு ஓட்டினாங்க, மத்த நாள்ல பூட்டித்தான் கிடக்குதுன்னு."

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. "எழுதலாம் சார். ஆய்வுக்காக நாடகம் போட்டாங்கன்னு ஆகும். உங்க பேர் எந்தப் பைல்லயும் இல்லை. குழுவோட பேர்தான் இருக்கு. அடுத்த கடன், அடுத்த திட்டம் எதுவும் இவங்களுக்கு வராது. பரவாயில்லையா?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவன் உண்டு. நான் அதை எடுத்து ஏழு பெண்களின் மடியில் விட்டிருந்தேன். அதிகாரி போகும்போது வெள்ளையம்மாவிடம், "அடுத்த வருஷம் அந்தக் கட்டம் இருந்தா பாக்கலாம்மா" என்றார். இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பகல் 1.00. ஜல்லிக் குவியல் மறிப்பதால் ஜீப் மேலே போகாது என்ற மாணிக்கத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பெண்களோடு ஊருக்கு நடந்தேன். வேண்டாம் என்றார்கள். பிடிவாதமாகப் போனேன். ஒரு மூட்டையையாவது நான் தூக்குகிறேன் என்று தோளில் வாங்கி, முதல் ஏற்றத்திலேயே கீழே வைத்துவிட்டேன். ஒரு பெண் பேசாமல் அதை எடுத்துத் தன் மூட்டை மேல் அடுக்கிக்கொண்டாள். தடம் நெடுக ஜல்லி கொட்டிக் கிடந்த குவியல்கள் மேல் புல் முளைத்திருந்தது. சாலையும் இந்தப் பக்கம் வரத்தான் கிளம்பியிருக்கிறது. படம் ஏறாத இடத்தில் நின்றுவிட்டது.

நாலு கிலோமீட்டருக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம். அவர்கள் எனக்காக நின்று நின்று நடந்தார்கள். வழியில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். சாமை விலை, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று ஏதோ பேசிக்கொண்டு போனார்கள்.

பிற்பகல் 2.30. ஊரில் முப்பது வீடுகளுக்குக் குறையாது. முதல் வீட்டிலேயே 'டொக், டொக்' என்று உலக்கைச் சத்தம். வெள்ளையம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகாமல், அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். புதுத் தகரம். உள்ளே தரை மெழுகி, நடுவில் ஒரு சிமென்ட் மேடை. மேடையில் நாலு போல்ட்டுகள், துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, பழைய துணி சுற்றி வைத்திருந்தார்கள். கீழே இருக்கிற மெஷினின் அடித்தட்டை நூல் பிடித்து அளந்து வந்து, அதே அளவுக்கு ஊன்றிய போல்ட்டுகள். சுவரில் கரண்ட் பெட்டி வரை தயாராக இருந்தது.

"மூணாவது மனு குடுத்தப்பவே கட்டிட்டோம்" என்றாள். "ஏழு பேரும் ஆளுக்கு ஒரு வேலை. மெஷின் வந்தா ஒரு நாள்கூட வீணாகக் கூடாதுன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். "நான் நல்லது நினைச்சுத்தாம்மா சொன்னேன்" என்றேன். அதைவிடக் கேவலமாக ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை.

வெள்ளையம்மா மேடையில் விழுந்திருந்த ஒரு சருகை எடுத்து வெளியே போட்டாள். "தெரியுங்கய்யா. போட்டோ மேட்டுல இருக்கிற அத்தனையும் நல்லது நினைச்சவங்க கட்டினதுதான்" என்றாள். பிறகு, மோர் குடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

குடித்தேன். அவள் கணவர், பெட்ரோல் செலவுக்குப் பயந்து அவசரத்துக்கு மட்டும் எடுக்கிற மோட்டார் சைக்கிளில் என்னை ஜீப் வரை கொண்டுவந்து விட்டார்.

மாலை 4.30. டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது, வெளியே பார்க்கத்தான் மனமில்லை. துறையூரில் இறங்கியதும் போனில் பத்துப் பதினைந்து செய்திகள் 'டிங் டிங்' என்று வந்து விழுந்தன. எல்லாம் குட்மார்னிங், பெருமாள் படம், தள்ளுபடி விற்பனை. மலையில் ஒரு சிக்னல் புள்ளி வராததால் ஒரு ஊருக்குத் தண்ணீரும் சாலையும் வரவில்லை. எனக்கு வந்த சிக்னலை வைத்து நான் செய்வது இது.

இரவு 7.50. ஸ்ரீரங்கம். எங்கள் தெருவில் போன மாதம் போட்ட சிமென்ட் சாலையைக் குடிநீர்க் குழாய்க்காக வெட்டியிருந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் சாக்கடைக்காக வெட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் வழிமறித்து, "பாத்தேளா சார் அக்கிரமத்தை? வரிப் பணத்தை இப்படித் தண்ணியா செலவழிக்கறா" என்றார். வழக்கமாக நானும் சேர்ந்து ஒரு பாட்டம் பாடுவேன். அன்றைக்குப் பாடவில்லை. எங்கள் வாசலில் திரும்பத் திரும்பப் போட்டுத் திரும்பத் திரும்ப வெட்டுகிறார்கள் என்றால், எங்கள் வாசல் வரை வருகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவரிடம் இதைச் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார். பேசாமல் பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகை வழியே உள்ளே போனேன்.

மறுநாளே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, தவறு முழுக்க என்னுடையது என்று முடித்தேன். மனுவும் குறிப்பும் எழுதியே தேய்ந்த கை, நன்றாகத்தான் வந்திருந்தது. அந்த அதிகாரி சொன்னது ஞாபகம் வந்து அனுப்பாமல் வைத்தேன். அனுப்பலாமா என்று வெள்ளையம்மாவைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் விஷயத்தில் ஒரு தடவையாவது அவளைக் கேட்டுச் செய்ய வேண்டாமா? தினமும் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை பத்து மணிக்குக் கூப்பிட்டபோது மணி அடித்தது. எடுத்தாள்.

"அய்யா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. உன்னைப் பிடிக்கவே முடியலையே. எங்க இருக்கே இப்போ?"

"போட்டோ மேட்டுலதான். சாமையக் கொண்டாந்திருக்கோம்."

எனக்குப் புரியவில்லை. "நீங்கதான் வீட்டுலயே குத்திக்கறீங்களே, எதுக்கு இவ்வளவு தூரம்?"

"ஓடுதுன்னு எழுதியாச்சுல்லங்கய்யா. இனிமே மாசா மாசம் ஓடற மாதிரி போட்டோ எடுத்து ஏத்தணுமாம். ஏத்தாட்டி, நல்லா ஓடிக்கிட்டிருந்ததை நாங்கதான் கெடுத்துட்டோம்னு ஆயிடுமாம். அதான் ஏழு பேரும் மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்தோம்." குரலில் கோபமில்லை, மூச்சு மட்டும் வாங்கியது. "என்னங்கய்யா, ஏதாவது சொல்லணுமா?"

கடிதம் எதிரே மேசை மேல்தான் இருந்தது. "ஒண்ணுமில்லேம்மா" என்றேன்.

"அப்ப வெச்சிடறேங்க. போட்டோ ஏறிடுச்சு. மூட்டையத் தூக்கி விட ஆள் கூப்பிடறாங்க, வெயிலுக்கு முந்தி ஏறணும்."